பவானியின் பிறந்த வீடு

நதிகளைப் பெண்களாகப் பாவிப்பது நமது தேசத்தின் வெகுநாளைய வழக்கம். கங்கை, யமுனை, காவேரி, பவானி என்று நம் வீட்டுப் பெண்களுக்கு நதிகளின் பெயரையே இட்டு அழைக்கிறோம். பெண் என்று ஏற்றுக் கொண்டுவிட்டால், அவளுக்குப் பிறந்த வீடு ஒன்று, புகுந்த வீடு ஒன்று என இரண்டு வீடுகள் உண்டு என்பதையும் ஏற்றுக் கொள்ள வேண்டும் அல்லவா? நதியின் புகுந்த வீட்டை நாம் நன்றாக அறிவோம். அணையில் எத்தனை அடி ஜலம் நிற்கிறது, வாய்க்காலில் என்றைக்குத் தண்ணீர் திறப்பார்கள், எந்த ஊருக்கு எப்போது முறை என்பதெல்லாம் நமக்கு மனப்பாடம். பிறந்த வீட்டைப் பற்றியோ, பள்ளிக்கூடப் புஸ்தகத்தில் 'நீலகிரியில் உற்பத்தியாகிறது' என்று ஒரு வரி படித்ததோடு சரி.

இந்த வாரம் பவானி நதியின் பிறந்த வீட்டுக்கு நேயர்களை அழைத்துச் செல்ல விரும்புகிறோம். சம்பந்தி வீட்டை ஒரு நடை போய்ப் பார்த்து வருவது எப்போதுமே நல்லது. அங்கே நிலைமை சரியில்லை என்று கேள்விப்பட்டால், போய்ப் பார்ப்பது கடமையும் ஆகிவிடுகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் வந்து கைகோத்துக் கொள்ளும் இடம் நீலகிரி. மேட்டுப்பாளையத்திலிருந்து அண்ணாந்து பார்ப்பவர்களுக்கு அது நீல நிறச் சுவராகத் தோன்றும். மேலே ஏறிச் சென்றாலோ, அது சுவரல்ல, ஒரு பெரிய மேடை என்பது விளங்கும். ஏறக்குறைய 6,000 அடி முதல் 8,000 அடி வரை உயரத்தில், அலை அலையான குன்றுகளும் அவற்றினிடையே சிறு பள்ளங்களுமாக அந்த மேடை பரந்து கிடக்கிறது. நடுவில் தொட்டபெட்டா 8,650 அடி உயர்ந்து நிற்கிறது. மேற்கு விளிம்பில் முக்குருத்திச் சிகரமும் குந்தா மலைகளும் மதில் போல வரிசையாக நிற்கின்றன. அம்மதிலுக்கு அப்பால் மலை செங்குத்தாகச் சரிந்து மலையாளத்துக் காடுகளில் இறங்கிவிடுகிறது.

நாட்டு ஓட்டு வீட்டின் கூரையை நினைத்துப் பாருங்கள். முகட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்த மழை முற்றத்தில் சொட்டுகிறது. அந்தப் பக்கம் விழுந்த மழை தெருவுக்குப் போகிறது. இரண்டு துளிகளும் வானத்திலிருந்து விழுந்தபோது ஒரு சாண் இடைவெளிதான் இருந்திருக்கும். அப்புறம் அவை சந்திப்பதேயில்லை. மலையிலும் அப்படி ஒரு முகடு உண்டு. நீரைப் பிரித்து அனுப்பும் மேடாகையால் பூகோள சாஸ்திரிகள் அதனை நீர்பிரி மேடு என்பார்கள். குந்தா மலைப் பக்கத்தில் மேற்கே விழும் துளி சாலியாற்றில் சேர்ந்து, பேப்பூர் அருகே அரபிக் கடலில் கலக்கிறது. சற்றுத் தெற்கே விழும் துளி அமைதிப் பள்ளத்தாக்கில் ஓடும் குந்திப்புழையில் இறங்கி, பாரதப்புழை வழியாகப் பொன்னானியை அடைகிறது. முகட்டுக்கு இப்பால் விழும் துளியோ பவானியாகிக் காவேரியில் கலந்து, தமிழ்நாட்டின் குறுக்கே நடந்து வங்கக் கடலுக்குப் போய்ச் சேருகிறது. ஒரு கடலுக்கும் மற்றொரு கடலுக்கும் உள்ள வித்தியாசம் அந்த மேட்டிலே ஒரு சாண் புல்வெளிதான்!

பவானியின் பாதையில் ஒரு விசேஷம் உண்டு. நீலகிரியின் தென்மேற்கு மூலையில் பிறக்கும் அவள், நேரே கிழக்கு நோக்கி வருவதில்லை. முதலில் தெற்கும் மேற்குமாக இறங்கிக் கேரளத்து அட்டப்பாடிக்குள் நுழைகிறாள். இன்னும் சில மைல் அப்படியே போயிருந்தால் அவளும் அரபிக் கடலுக்கே சொந்தமாகியிருப்பாள். ஆனால் முக்காலி என்னும் இடத்துக்கு அருகே, எதையோ மறந்துவிட்டவளைப் போலச் சடக்கென்று திரும்பி வடகிழக்கே நடையைக் கட்டுகிறாள். மேற்கிலிருந்து புறப்பட்டுக் கிழக்கே பாயும் ஆறுகள் கேரளத்தில் மூன்றே மூன்று. கபினி ஒன்று, பாம்பாறு ஒன்று, மூன்றாவது நம் பவானி. வழியில் சிறுவாணி வந்து சேருகிறது. மீண்டும் தமிழ்நாட்டுக்குள் வந்ததும் பில்லூர் அருகே குந்தா ஆறு சேருகிறது. மேட்டுப்பாளையத்தில் சமவெளியைத் தொடும் சமயத்தில் குன்னூர் ஆறும் கல்லாறும் வந்து கலக்கின்றன.

இவளுக்கு ஒரு சகோதரியும் உண்டு. முக்குருத்திச் சரிவுகளில் பிறந்து, பைக்காரா என்ற பெயருடன் மேடையின் மேல் வடக்கு நோக்கி ஓடி, அருவியாகக் குதித்து, தெப்பக்காட்டுப் பக்கம் வந்ததும் மாயாறு என்று பெயர் மாற்றிக் கொள்பவள் அவள். தோடர்கள் பைக்காராவைத் தெய்வமாகவே மதிக்கிறார்கள். முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் எல்லை வகுத்துக் கொண்டு, மிக ஆழமான ஒரு கணவாயில் இறங்கி, யானைகளும் பிணந்தின்னிக் கழுகுகளும் வாழும் வறண்ட பள்ளத்தாக்கின் வழியே அவள் கிழக்கே வருகிறாள். அக்காள் மலையைத் தெற்கே சுற்றி வர, தங்கை வடக்கே சுற்றி வர, இருவரும் சந்திக்கும் இடத்தில்தான் பவானிசாகர் அணை இருக்கிறது. ஆக, நீலகிரி மேடையில் கிழக்கு நோக்கி வடியும் ஜலம் அனேகமாக முழுவதும் ஏதாவது ஒரு வழியாக அந்த அணைக்கே வந்து சேருகிறது.

பவானி 135 மைல் நீளமுள்ளவள். அவளுக்கு நீர் கொடுக்கும் நிலப்பரப்பு ஏறக்குறைய 2,400 சதுர மைல். அதில் நூற்றுக்கு 87 பங்கு தமிழ்நாட்டிலும், 9 பங்கு கேரளத்திலும், 4 பங்கு கர்நாடகத்திலும் இருக்கின்றன. ஆனால் இந்தப் பரப்பு முழுவதும் ஒரே மாதிரி மழை பெய்வதில்லை. ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று வந்து குந்தா மதிலில் மோதும்போது, மேற்கு விளிம்பில் வருஷத்துக்கு 120 அங்குலத்துக்கு மேலும் மழை கொட்டிவிடுகிறது. மதிலைத் தாண்டி வரும் காற்றில் ஈரம் குறைந்து போகிறபடியால், மாயாற்றுப் பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியில் 40 அங்குலம் கூடப் பெய்வதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்று வீசும்போது குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளுக்கு யோகம் அடிக்கிறது. இப்படி இரண்டு பருவங்களிலும் ஏதாவது ஒரு பக்கத்தில் மழை பெற்றுக் கொள்வதால்தான் பவானி எளிதில் வற்றாத நதி என்று பெயர் எடுத்தாள்.

இனிப் புகுந்த வீட்டுக்கு வருவோம். அங்கே இவளுடைய சீருக்காகக் காத்திருப்பவர்கள் எத்தனை பேர்!

பழமையில் முதலிடம் கொடிவேரிக்கும் காலிங்கராயனுக்கும். கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் கோபிச்செட்டிபாளையத்துச் சீமையைப் பச்சைப் பட்டு உடுத்தி வைத்திருக்கின்றன. 13-ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் வெட்டுவித்த வாய்க்கால் சுமார் 56 மைல் வளைந்து வளைந்து செல்கிறது. பாம்பு ஊர்ந்து சென்று வழி காட்டியது என்று கொங்கு நாட்டார் கதை சொல்வார்கள். கதை எப்படியிருந்தாலும், நிலத்தின் மட்டத்தை அவ்வளவு நுட்பமாக அறிந்து வாட்டம் கொடுத்திருக்கிறார்கள் என்பது உண்மை.

சுதந்தரம் வந்த கையோடு, 1948-இல் தொடங்கி 1955-இல் முடிந்தது பவானிசாகர் அணை. சுமார் 33 டி.எம்.சி. நீர் அதில் கொள்ளும். அதிலிருந்து புறப்படும் கீழ்பவானிக் கால்வாய் 124 மைல் ஓடி, 2,07,000 ஏக்கருக்குப் பாசனம் அளிக்க ஏற்பட்டது. அவ்வளவு நிலத்துக்கும் ஒரே சமயத்தில் தண்ணீர் போதாது. ஆகையால் பாதி நிலத்துக்கு ஒரு முறை, மறுபாதிக்கு மறுமுறை என்று ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஒரே அப்பனுக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகள் ஒரு வேஷ்டியை மாற்றி மாற்றி உடுத்திக் கொள்வது போன்ற ஏற்பாடுதான் இது!

குடிதண்ணீருக்கோ, கோயம்புத்தூருக்குச் சிறுவாணியும் பில்லூரும் இல்லாவிட்டால் கதியில்லை. திருப்பூரின் தாகத்திலும் பவானிக்குப் பங்கு உண்டு. ஐம்பது வருஷங்களுக்கு மேலாக ஜனங்கள் கேட்டு வந்த அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டு மாதத்தில் தொடங்கப்பட்டது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே உபரியாகச் செல்லும் நீரில் 1.5 டி.எம்.சி. எடுத்து, மேடேற்றி, 1,045 ஏரி குளம் குட்டைகளுக்கு அனுப்புவது அதன் நோக்கம். காவேரி நடுவர் மன்றம் 2007-இல் அளித்த தீர்ப்பில், கேரளத்துக்குப் பவானியிலிருந்து 6 டி.எம்.சி. என்று பங்கு பிரித்துக் கொடுத்திருக்கிறது. போதாததற்கு மின்சாரம் வேறு. 1932-இல் பைக்காராவில் தொடங்கிய வேலை, பின்னர் குந்தாத் திட்டமாகப் பெருகி, மலைமேல் விழும் ஜலத்தை ஒரு சக்கரத்தைச் சுற்றிய பிறகு அடுத்த சக்கரத்துக்கு என்று படிப்படியாக இறக்கிக் கொண்டு வருகிறது.

பங்கு கேட்பவர்கள் அனைவருடைய வழக்கிலும் நியாயம் இருக்கிறது. பழைய ஆயக்கட்டுக்காரருக்கு முன்னுரிமை, புதிய ஆயக்கட்டுக்காரருக்குத் தேவை, நகரத்தாருக்குத் தாகம். ஆனால் இத்தனை வழக்குகளிலும் ஒரு கேள்வியை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. சீர் கொண்டு வருகிற பெண்ணின் பிறந்த வீட்டில் அடுப்பு எரிகிறதா?

மலையில் பெய்யும் மழை அவ்வளவும் அன்றைக்கே ஓடிவிடுமானால், பவானி ஆடியில் வெள்ளமாகவும் பங்குனியில் மணலாகவும் இருப்பாள். அப்படி ஆகாமல் மாசி, பங்குனியிலும் ஊற்றெடுத்து வருவதற்குக் காரணம், நீலகிரி மேடையின் மேலிருக்கும் புல்வெளியும் சோலையும் ஆகும். குன்றுகளின் முதுகில் புல். இரண்டு குன்றுகள் கூடும் மடிப்பில் சோலை. சோலை மரங்கள் அதிக உயரம் வளர்வதில்லை. பாசி படர்ந்த கிளைகளோடு நெருங்கி நின்று, முழங்கால் புதையும் சருகை அடியில் சேர்த்து வைத்திருக்கின்றன. பள்ளங்களில் மட்கிய புல் அடுக்கடுக்காய்ப் படிந்து, கரிய சதுப்பு நிலமாகியிருக்கிறது. அந்த அடுக்குகளில் 20,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவையும் உண்டு என்று ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். மழை இந்தப் புல்லிலும் சருகிலும் சதுப்பிலும் இறங்கித் தங்கி, மாதக் கணக்கில் சொட்டுச் சொட்டாக வெளியே வருகிறது. கற்களை அடுக்கி நாம் கட்டிய அணை பவானிசாகர். புல்லைக் கொண்டு கடவுள் கட்டிய அணை அதற்கு மேலே 7,000 அடி உயரத்தில் இருக்கிறது.

இந்த மேல் அணையை உடைத்தவர்கள் யார்? 1819-இல் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் ஸல்லிவன் மலையேறிய பிறகு வந்த வெள்ளைக்காரர்களுக்குப் புல்வெளி வெறும் தரிசாகத் தோன்றியது. அடுப்பு எரிக்க விறகு வேண்டும் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரத்தையும் தைல மரத்தையும் கொண்டு வந்து நட்டார்கள். காப்பி வந்தது, சிங்கோனா வந்தது, தேயிலை வந்தது. இத்துடன் பழியை முழுவதும் அன்னியர் தலையில் வைத்துவிட்டு நாம் கையைக் கழுவிக் கொள்ள முடியுமானால் எவ்வளவு சௌகரியமாக இருக்கும்! ஆனால் சரித்திரம் அதற்கு இடங்கொடுக்கவில்லை. சுதந்தரத்துக்குப் பிறகு, தோல் பதனிடச் சீகைப் பட்டையும், செயற்கை நூலுக்கும் காகிதத்துக்கும் மரக்கூழும் வேண்டும் என்று, நமது சர்க்கார்தாமே இன்னும் விஸ்தாரமான புல்வெளிகளில் அந்த மரங்களை நட்டது.

மரம் நடுவது நல்ல காரியந்தானே என்று நேயர்கள் கேட்கலாம். மரம் இருந்தால் மழை பெய்யும் என்று குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறோம். அது பொதுவாக நல்ல பாடமே. ஆனால் இந்த மலையில் எந்த மரம், எந்த இடத்தில் என்று கேட்டாக வேண்டும். உதகையிலுள்ள மண்வள ஆராய்ச்சி நிலையத்தார் இதை ஊகத்துக்கு விடாமல் அளந்தே பார்த்தார்கள். கிளென்மார்கன் பக்கத்தில், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 80 ஏக்கர் உள்ள இரண்டு சிறு பள்ளத்தாக்குகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்றைப் புல்லாகவே விட்டார்கள். மற்றொன்றில் பாதிக்குச் சற்று அதிகமான பரப்பில் 1972-இல் தைல மரம் நட்டார்கள். இரண்டிலிருந்தும் வெளியே ஓடி வரும் நீரை வருஷக்கணக்கில் அளந்தார்கள். முதல் பத்து வருஷத்தில், மரம் நட்ட பள்ளத்தாக்கில் நீர் சுமார் ஆறில் ஒரு பங்கு குறைந்து போயிற்று. மரத்தை வெட்டி, அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்து வளர்ந்த இரண்டாம் முறையில், ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்தது. தைல மரம் பிசாசு அல்ல. தன் வளர்ச்சிக்கு வேண்டிய ஜலத்தை அது குடிக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அது குடிப்பது, மாயாற்று வழியாகப் பவானிசாகருக்கு வர வேண்டிய ஜலம்.

மரத்தோடு நின்றதா? செங்குத்தான சரிவுகளில் உருளைக்கிழங்கும் காரட்டும் பயிராகின்றன. அறுவடைக்காகக் கிளறிய மண்ணின் மேல் மழை கொட்டினால், மண்ணும் கூடவே புறப்பட்டு விடுகிறது. பவானிசாகரின் ஆழம் 120 அடி. அதில் அடியிலுள்ள 15 அடியைச் சேற்றுக்கென்று முன்கூட்டியே ஒதுக்கிவிட்டு, 105 அடி என்று கணக்குச் சொல்லுகிறோம். மலை நமக்கு அனுப்பும் கடிதம் அந்தச் சேறு. நாம் அதைப் படிப்பதில்லை, அளவுகோலிலிருந்து கழித்துவிடுகிறோம்.

சில சமயங்களில் கடிதம் தந்தியாகவே வந்துவிடுகிறது. 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரிப் பக்கங்களில் மலை சரிந்து நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2019 ஆகஸ்டு 8-ஆம் தேதி அவலாஞ்சியில் ஒரே நாளில் சுமார் 32 அங்குல மழை கொட்டிற்று. சமவெளியில் ஒரு வருஷம் முழுவதும் பெய்கிற மழை, ஒரு பகலும் ஓர் இரவும் பெய்து தீர்த்தது! இத்தகைய மழையை எந்தப் புல்லும் முழுவதும் தாங்கிவிடாது என்பது மெய்யே. ஆனால் உலகம் சூடேறி, மழை இப்படி மொத்தமாகக் கொட்டும் காலம் இது என்று வான சாஸ்திரிகள் எச்சரிக்கும்போது, உறிஞ்சும் தன்மையுள்ள கூரையை நாமே பிரித்துப் போடுவது புத்திசாலித்தனம் ஆகாது.

மலைமேல் வாழும் ஜனங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நமது நோக்கமன்று. தோடர்கள் எருமைகளோடு அந்தப் புல்லை எத்தனையோ தலைமுறைகளாகக் காத்து வந்தார்கள். படகர்களும் மற்றவர்களும் சரிவில் உழைத்துப் பயிரிடுவது வயிற்றுப் பிழைப்புக்காக. அவர்கள் விளைவித்த கிழங்கையும் தேயிலையையும் நாம் கீழேயிருந்து வாங்கிக் கொண்டு, 'மலையைக் கெடுத்துவிட்டார்கள்' என்று பேசுவது அழகல்ல. கோடைக்கு மலையேறி, விடுதி விடுதியாகத் தங்கி, அந்தச் சிற்றோடைகளிலேயே கழிவு நீர் இறங்கக் காரணமாயிருப்பவர்களும் நம்மவர்களே.

பின் என்ன செய்யலாம்? முக்குருத்திப் பக்கத்தில் வனத்துறையினர் அந்நிய மரங்களை அகற்றிப் புல்லை மீட்க முயன்று வருகிறார்கள். வேலை எளிதன்று. சீகை விதை மண்ணுக்குள் பல பத்து வருஷங்கள் உயிரோடு தூங்கும். மரத்தை வெட்டியதும் ஆயிரமாய் முளைத்து எழும். ஒரு முறை வெட்டிவிட்டுப் புகைப்படம் எடுத்துக் கொண்டு திரும்பினால் போதாது. வருஷந்தோறும் களை பிடுங்க வேண்டும், நாட்டுப் புல்லை நாற்று விட்டு நட வேண்டும். அதற்கு ஆள் வேண்டும். ஆளுக்குக் கூலி வேண்டும். சரிவில் பயிர் செய்பவர் படி வரப்புக் கட்டவும், மிகச் செங்குத்தான இடத்தை உழவில்லாமல் விடவும் வேண்டுமானால், அதனால் அவருக்கு ஏற்படும் நஷ்டத்தை யாராவது ஈடு செய்ய வேண்டும்.

அந்த 'யாராவது' நாம்தான் என்பது நமது அபிப்பிராயம். பவானித் தண்ணீர் குடிக்கும் நகரங்களும், அந்த ஜலத்தால் எரியும் மின்சார விளக்குகளும், அதனைக் கொண்டு நடக்கும் ஆலைகளும் செலுத்தும் கட்டணத்தில் ஒரு சிறு பங்கை, அந்தப் புல்வெளிக்கென்றே தனியாக எடுத்து வைக்கலாம். மலையில் வேலை செய்ய மலைவாசிகளுக்கே அதிலிருந்து கூலி கொடுக்கலாம். அணைக்குப் பராமரிப்புச் செலவு செய்வதை யாரும் தர்மம் என்று சொல்வதில்லை; அது கணக்கில் சேர்ந்த செலவு. மேல் அணைக்கும் அதே நியாயம் பொருந்தாதா? ஒரு டி.எம்.சி.க்காக ராஜ்யத்தோடு ராஜ்யம் மன்றாடுகிறது. ஆறில் ஒரு பங்கைக் குடித்துவிடும் மரத்தை அகற்ற எந்த மன்றத்தின் தீர்ப்பும் வேண்டியதில்லை.

பவானி காவேரியோடு கலக்கும் கூடுதுறையை முக்கூடல் என்பார்கள். பவானி, காவேரி ஆகிய இரண்டுமல்லாமல், அமுத நதி என்று கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது நதி ஒன்றும் அடியில் வந்து கலப்பதாக ஐதிகம். சங்கமேசுவரர் சந்நிதியில் நின்று கும்பிடுவோர் அதனை நம்புகிறார்கள். பூகோளம் படித்தவர்களும் நம்பலாம் என்றே சொல்லுவோம். நீலகிரியின் புல்லடியில் கண்ணுக்குத் தெரியாமல் இறங்கி, கோடையில் வெளிப்படும் நீர் அமுதமல்லாமல் வேறென்ன? அடுத்த ஆடிப் பெருக்கன்று கூடுதுறையில் விளக்கு விடுபவர்கள், ஆற்றில் விடும் விளக்கோடு, மேற்கே திரும்பி அந்த நீல மலைக்கும் ஒரு கும்பிடு போடட்டும். கும்பிட்ட கையால் அந்தப் பிறந்த வீட்டுக்குக் கொஞ்சம் காசும் அனுப்பி வைத்தால், சீர் குறையாமல் வரும்.